மரபணுத்தொகுதி ஒரு நூல்தான். ஆனால் எந்த நூல்?

மூன்று மாதங்களுக்கு முன், துறைக் கருத்தரங்கு ஒன்றில் நான் ஒரு தொடரைச் சொன்னேன்: “மரபணுத்தொகுதி என்பது நான்கே எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கில் எழுதப்பட்ட ஒரு நூல், அதை வாசிக்க மொழியியலார் முன்வர வேண்டும்.” அவையில் பலர் தலையசைத்தனர். மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, டிஎன்ஏ வரிசைகளை மொழிப் பனுவல்களைப் போலக் கையாளும் கணினி மாதிரிகள் பற்றி ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு, அத்தொடர் வெறும் அலங்காரம் அன்று. என் ஆய்வேட்டின் முதல் இயல் முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

அன்று மாலை, உயிரியல் துறையில் ஆய்வு செய்யும் மதுரைத் தோழி ஒருவர் என்னை விடுதியின் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே துணி உலர்த்தக் கட்டியிருந்த இரட்டைப் புரிக் கயிற்றின் இரு முனைகளும் தூண்களில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. புரிகளுக்கு இடையில் ஒரு பென்சிலை நுழைத்து, அது சுழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகத் தள்ளச் சொன்னார். சிறிது தொலைவுக்குமேல் தள்ள முடியவில்லை. பென்சிலுக்கு முன்னே முறுக்கு நெருங்கி நெருங்கிக் கயிறு இறுகியது. பின்னே புரி தளர்ந்து இழைகள் விலகிக் கிடந்தன. “உன் வாசகர் இந்தப் பென்சில்தான். அவர் வாசிக்க வாசிக்க நூல் முறுக்கேறுகிறது. உன் ஆய்வேட்டில் இது எங்கே வருகிறது?” என்று கேட்டார்.

எங்கும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றின் விளைவே இந்தப் பதிவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவை எழுத்து வரிசை என்று மட்டும் கற்பிப்பதும், அவ்வாறு மட்டும் கணிப்பதும், அறிவியல் நோக்கில் குறையுடைய பழக்கம். அந்த மூலக்கூறின் முறுக்கு, அதாவது ஆங்கிலத்தில் சூப்பர்காயிலிங் எனப்படும் மீச்சுருளல், அதன் அமைப்பையும் மரபணு வெளிப்பாட்டையும் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. தமிழில் ‘நூல்’ என்ற சொல்லுக்குப் புத்தகம், இழை என இரு பொருள்கள் உண்டு. நன்னூலின் பாயிரம் அவ்விரண்டையும் ஒப்பிட்டே பேசுகிறது. மரபணுத்தொகுதியைப் பற்றிப் பேசும்போது நாம் முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டோம்.

இந்த உவமை எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்ட சில ஆண்டுகளுக்குள், மூலக்கூறு உயிரியலின் கலைச்சொற்கள் பெரும்பாலும் எழுத்துத் துறையிலிருந்தே எடுக்கப்பட்டன. குறியீடு, படியெடுத்தல், மொழிபெயர்த்தல், வாசிப்புச் சட்டகம், பிழைதிருத்தம் என அவை நீண்டன. 1960களின் இறுதியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த உரையாடல் ஒன்றில் மொழியியலறிஞர் ரோமன் யாக்கோப்சனும் உயிரியலறிஞர் பிரான்சுவா ஜக்கோபும் மானிடவியலறிஞர் லெவி-ஸ்ட்ராஸும் இந்த ஒப்புமையை விவாதித்தனர். மொழிக்கும் மரபுக் குறியீட்டுக்கும் இடையே ஆழ்ந்த அமைப்பொற்றுமை உண்டு என்று யாக்கோப்சன் நம்பினார். எங்கள் துறைக்கு இது பெருமை தரும் நம்பிக்கை. ஆகவே நாங்கள் அதை அதிகம் சோதிக்கவில்லை.

இந்த உவமை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மூன்று காரங்கள் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்ற உண்மையை விளக்க, அதைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது. சிக்கல், அது மறைக்கும் பகுதியில் இருக்கிறது. அச்சிட்ட எழுத்தை எத்தனை முறை வாசித்தாலும் தாள் மாறுவதில்லை. பக்கத்து வரியை யாரோ வாசிப்பதால் இந்த வரி மங்குவதோ துலங்குவதோ இல்லை. டிஎன்ஏவில் இவை இரண்டும் நிகழ்கின்றன.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு மூடிய வளையம். அதை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த உயிரணுவின் நீளமோ இரண்டு மைக்ரோமீட்டர் அளவே. 10.5 கார இணைகளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், இரு இழைகளும் ஒன்றையொன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுற்றியிருக்கின்றன. அந்த வளையம் 40 நிமிடங்களில் இரண்டாகப் பிரதியெடுக்கப்பட வேண்டுமானால், பிரதியெடுக்கும் இரு முனைகளிலும் நொடிக்கு ஏறக்குறைய 90 சுற்றுகள் அவிழ வேண்டும். 1954-இலேயே மாக்ஸ் டெல்புருக் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். இழைகளை இடையிடையே வெட்டி மீண்டும் ஒட்டாமல் இது நடவாது என்பது அவர் முன்வைத்த வாதம். அந்த வேலையைச் செய்யும் நொதி எதுவும் அன்று அறியப்பட்டிருக்கவில்லை.

இந்தச் சிக்கல் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பாடநூல்களில் நான் அதைக் கண்டதில்லை. 1976-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. சசிசேகரன் குழுவினரும், நியூசிலாந்தில் ராட்லி குழுவினரும், ஒருவரையொருவர் சாராமல், இரட்டைச் சுருளுக்கு மாற்றான ஓர் அமைப்பை முன்மொழிந்தனர். இராமச்சந்திரன் வரைபடத்தை உருவாக்கிய மூவருள் ஒருவர்தான் இந்தச் சசிசேகரன். அம்மாதிரியில் இரு இழைகளும் ஒன்றையொன்று சுற்றாமல், சிறிது தூரம் வலக்கைத் திருகாகவும் சிறிது தூரம் இடக்கைத் திருகாகவும் மாறி மாறி, அருகருகே செல்லும். அவ்வாறு இருந்தால் இழைகள் எளிதில் பிரிந்துவிடும் என்பதே அதன் கவர்ச்சி. 1979-இல் கிரிக், ஜேம்ஸ் வாங், பாயர் ஆகிய மூவரும், டிஎன்ஏ உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையில் இதற்கு விடையளித்தனர். மூடிய டிஎன்ஏ வளையங்களில் ஓர் இழை மற்றொன்றை எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் கூழ்மப் பிரிப்பில் எண்ணிவிட முடியும். அந்த எண்ணிக்கை இரட்டைச் சுருளுக்கே பொருந்தியது. பெங்களூர் மாதிரி தோற்றது. ஆனால் அது எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. டிஎன்ஏவை எழுத்தாக அன்றி, இடத்தை அடைத்துக்கொள்ளும், சிக்கிக்கொள்ளும் ஒரு பொருளாகக் கண்டவர்கள்தாம் அப்படிக் கேட்க முடியும்.

அந்த எண்ணிக்கைக்கு இணைப்பெண் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1965-இல் ஜெரோம் வினோகிராட் குழுவினர் பாலியோமா வைரஸின் டிஎன்ஏ வளையம் தன்மேல் தானே முறுக்கிக் கிடப்பதைக் கண்டறிந்தனர். பழைய தொலைபேசியின் சுருள் கம்பி மேலும் சுருண்டு முடிச்சாவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே வடிவம்தான் மீச்சுருள். இதன் கணக்கு எளிது. இணைப்பெண் என்பது இழைகளின் திருகலும் முழு வளையத்தின் நெளிவும் சேர்ந்த கூட்டுத்தொகை. வளையத்தை வெட்டாதவரை அந்தத் தொகை மாறாது. திருகல் குறைந்தால் நெளிவு கூட வேண்டும். நெளிவு குறைந்தால் திருகல் கூட வேண்டும். ஓரிடத்து மாற்றத்தை இன்னோரிடம் ஏற்றே ஆக வேண்டும் என்பதுதான் இதன் சாரம். எழுத்து வரிசையில் இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஈ.கோலையின் டிஎன்ஏ இயல்பான நிலையைவிடக் குறைவாக முறுக்கப்பட்டிருக்கிறது: நூறு சுற்றுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 94 சுற்றுகள். இதைக் குறைமுறுக்கு என்பேன். இதற்கு எதிர்நிலை மிகைமுறுக்கு. குறைமுறுக்குடைய டிஎன்ஏவில் இழைகளைப் பிரிப்பது எளிது. படியெடுத்தல் தொடங்க வேண்டுமானால் மரபணுவின் தொடக்கப்பகுதியில் இழைகள் பிரிந்தாக வேண்டும். எனவே குறைமுறுக்கு என்பது, மரபணுவைத் திறப்பதற்காக உயிரணு முன்கூட்டியே சேர்த்துவைத்திருக்கும் ஆற்றல்.

இந்தச் சேமிப்பை உண்டாக்கும் நொதியை 1976-இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் கண்டறிந்தனர். அதுவே ஜைரேஸ். அது இரு இழைகளையும் வெட்டி, மற்றொரு பகுதியை அந்த வெட்டின் ஊடே செலுத்தி, மீண்டும் ஒட்டுகிறது. இதற்கு ஏடிபி ஆற்றலைச் செலவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இணைப்பெண் இரண்டு குறையும். இதற்கு முன்பே, 1971-இல், ஜேம்ஸ் வாங் கண்டறிந்த டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதி மிகுதியான குறைமுறுக்கைத் தளர்த்திச் சமன்செய்கிறது. இவ்விரு நொதிகளின் மரபணுக்களும் முறுக்கையே அளவுகோலாகக் கொண்டு இயங்குகின்றன. டிஎன்ஏ தளர்ந்துவிட்டால் ஜைரேஸ் மரபணுக்களின் வெளிப்பாடு கூடுகிறது. குறைமுறுக்கு மிகுந்தால் டோபோஐசோமரேஸ் 1-இன் மரபணு கூடுதலாக வெளிப்படுகிறது. ஆக, முறுக்கு மரபணுவின் விளைவு மட்டுமன்று. மரபணுவுக்குக் கட்டளையிடும் காரணமும் ஆகும்.

மொட்டைமாடிப் பென்சிலுக்கு இப்போது திரும்புகிறேன். 1987-இல் லியுவும் வாங்கும் முன்வைத்த இரட்டைக் களக் கோட்பாடு அந்தப் பென்சிலின் கதைதான். படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொடிக்கு ஏறத்தாழ 40 முதல் 60 கார இணைகளைக் கடக்கிறது. டிஎன்ஏ ஒரு திருகு. திருகின்மீது முன்னேறுபவர் தாம் சுழல வேண்டும், அல்லது திருகு சுழல வேண்டும். பாலிமரேஸ், வளர்ந்துவரும் ஆர்என்ஏவையும் அதன்மேல் ஏறிவிட்ட ரைபோசோம்களையும் சுமந்துகொண்டு எளிதில் சுழல முடியாது. எனவே டிஎன்ஏ சுழல்கிறது. பாலிமரேஸுக்கு முன்னே மிகைமுறுக்கும் பின்னே குறைமுறுக்கும் சேர்கின்றன. முன்னே சேர்வதை ஜைரேஸும் பின்னே சேர்வதை டோபோஐசோமரேஸ் 1-உம் நீக்குகின்றன. நீக்கத் தாமதமானால் பாலிமரேஸ் தயங்கி நின்றுவிடுகிறது. ஒரு மரபணு தொடர்ச்சியாக அன்றி, விட்டுவிட்டுக் கொத்துக்கொத்தாக வெளிப்படுவதற்கு, பாக்டீரியாக்களில் இவ்வாறு மிகைமுறுக்கு சேர்ந்து நிற்பதும் ஜைரேஸ் வந்து அதைத் தளர்த்துவதும் ஒரு காரணம் என்று 2014-இல் சன்னி ஷீ குழுவினர் காட்டினர்.

இதிலிருந்து எனக்கு மிக முக்கியமாகப் பட்ட முடிவு ஒன்று உண்டு: ஒரு மரபணு வாசிக்கப்படுவது அதன் அண்டை மரபணுவைப் பாதிக்கும். சால்மொனெல்லாவில் லியு-500 என்ற புகழ்பெற்ற பிறழ்வு இதற்குச் சான்று. லியூசின் அமினோ அமிலத்தை உருவாக்கும் மரபணுத் தொகுப்பின் தொடக்கப்பகுதியில் ஒரே ஒரு காரம் மாறியிருக்கிறது. அதனால் அம்மரபணுக்கள் இயங்குவதில்லை. எழுத்து உவமையின்படி இது எழுத்துப்பிழை. பிழையைத் திருத்தினால்தான் சரியாகும். ஆனால் டோபோஐசோமரேஸ் 1 செயலிழந்த பாக்டீரியாவில், அந்த எழுத்து திருத்தப்படாமலேயே, மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. குறைமுறுக்கு மிகுந்து, திறக்க மறுத்த தொடக்கப்பகுதியைத் திறந்துவிடுகிறது. அண்டையில் எதிர்த்திசை நோக்கி ஓடும் மற்றொரு படியெடுத்தல் இந்தத் திறப்புக்கு உதவுகிறது என்பதும் 1990களின் ஆய்வுகளில் தெளிவானது.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இதை விளக்க ஓர் ஒப்புமை கைவசம் உண்டு. ‘பொன்’ என்ற சொல் ‘குடம்’ வந்தால் ‘பொற்குடம்’ ஆகிறது. ‘மரம்’ என்பது ‘வேர்’ வந்தால் ‘மரவேர்’ ஆகிறது. நிலைமொழியின் வடிவத்தை வருமொழி தீர்மானிக்கிறது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் இந்தப் புணர்ச்சிக்குத்தான் பெரும் இடம் தருகிறது. அதற்கு முன், எழுத்து உடலில் எங்கே எவ்வாறு பிறக்கிறது என்பதற்குப் பிறப்பியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது. நம் இலக்கண மரபில் எழுத்து என்பது முதலில் மூச்சும் நாவும் இதழும் சேர்ந்து நிகழ்த்தும் ஒரு செயல், வரிவடிவம் பிறகுதான். அத்தகைய மரபில் பயின்ற நானே, டிஎன்ஏவை உடலற்ற வரிவடிவமாகக் கண்டேன் என்பதுதான் எனக்கு வெட்கம் தந்தது. இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். புணர்ச்சி இரு சொற்கள் தொடும் இடத்தில் நிகழ்வது. முறுக்கோ ஆயிரக்கணக்கான கார இணைகளைத் தாண்டியும் பரவும். ஓர் உவமையைக் கண்டித்துவிட்டு இன்னோர் உவமைக்கு அடிமையாவது என் நோக்கம் அன்று.

மரபணு வெளிப்பாட்டிலிருந்து மரபணுத்தொகுதியின் அமைப்புக்கு வருவோம். 2013-இல் துங் லே, மைக்கேல் லாப் முதலியோர் காலோபாக்டர் என்ற பாக்டீரியாவின் குரோமோசோம் எவ்வாறு மடிந்திருக்கிறது என்பதை ஆராய்ந்தனர். குரோமோசோம் பல தனித்தனிக் களங்களாகப் பிரிந்திருந்தது. களங்களின் எல்லைகள் பல, மிகுதியாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் இருந்த இடங்களில் அமைந்திருந்தன. அத்தகைய ஒரு மரபணுவை வேறிடத்துக்கு மாற்றியபோது அங்கே புதிய எல்லை ஒன்று தோன்றியது. மீச்சுருளலைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது களங்களின் கூர்மை குறைந்தது. அமைப்பு வெளிப்பாட்டை ஆள்கிறது என்பது பாதி உண்மை. வெளிப்பாடும் அமைப்பைத் திரும்ப வரைகிறது. இரண்டையும் இணைக்கும் கயிறு, சொல்லுக்குச் சொல் கயிறுதான்.

‘இதெல்லாம் பாக்டீரியாவுக்கு; நமக்கு என்ன?’ என்று சிலர் கேட்கலாம். மனித உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் டிஎன்ஏ, ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அகலமுள்ள கருவுக்குள் அடங்கியிருக்கிறது. 147 கார இணைகள், எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான உருளையை ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, இடக்கைத் திருகாகச் சுற்றியிருக்கின்றன; இதுவே நியூக்ளியோசோம். இடக்கைத் திருகாகச் சுற்றுவது என்றால், குறைமுறுக்கைப் புரதத்தின்மேல் பூட்டிவைப்பது என்று பொருள். நம் குரோமோசோம்களுக்குத் திறந்த முனைகள் இருந்தாலும், அவை மிக நீண்டவை. இடையிடையே புரதங்களால் பிணைக்கப்பட்ட கண்ணிகளாகக் கிடக்கின்றன. எனவே முறுக்கு முனைவழியே உடனே வெளியேறிவிடுவதில்லை.

அந்த முறுக்கை அளக்கும் கருவிகளுள் ஒன்று சோரலென் என்ற வேதிப்பொருளின் வழிப்பொருள். குறைமுறுக்கு உள்ள இடங்களில் அது மிகுதியாகப் புகுந்து, புறஊதாக் கதிர் பட்டதும் இரு இழைகளையும் பிணைத்துவிடும். இந்தப் பெயர் சோரேலியா என்ற செடியிலிருந்து வந்தது. வெண்புள்ளிக்கு நம் மருத்துவர்கள் கையாண்டுவந்த கார்போக அரிசிதான் அது. 2013-இல் எடின்பரோவில் நிக் கில்பர்ட் குழுவினர் இம்முறையைக் கையாண்டு, மனித குரோமோசோம்களிலும் குறைமுறுக்குடைய களங்களும் அவ்வாறல்லாத களங்களும் உண்டு என்றும், படியெடுத்தலும் டோபோஐசோமரேஸ்களும் அவற்றை மாற்றியமைக்கின்றன என்றும் காட்டினர். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, டோபோஐசோமரேஸ் 1-ஐத் தடுக்கும் டோபோடிகான் என்ற புற்றுநோய் மருந்தை நரம்பணுக்களுக்குக் கொடுத்தபோது, மிக நீண்ட மரபணுக்களின் வெளிப்பாடு குறிப்பாகக் குறைந்ததைக் கண்டது; ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் பல அவற்றுள் அடங்கும். நீண்ட கயிற்றில் பென்சிலைத் தள்ளுபவருக்கு இதன் காரணம் புரியும்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 2021-இல் டிஎன்ஏபெர்ட், 2024-இல் ஈவோ என, மரபணு வரிசைகளை மொழியாகக் கொண்டு பயிலும் கணினி மாதிரிகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றின் சார்பாக ஒரு நல்ல வாதமும் உண்டு: மரபணுக்களின் வரிசை, திசை, இடைவெளி, தொடக்கப்பகுதியின் கார அமைப்பு ஆகிய அனைத்தும் எழுத்து வரிசையிலேயே இருக்கின்றன, முறுக்கின் விளைவுகளைப் போதுமான தரவிலிருந்து மாதிரி தானே கற்றுக்கொள்ளும் என்பது அவ்வாதம். இதில் பாதியை ஏற்கிறேன். அண்டை மரபணு எத்திசையில் இருக்கிறது என்பது வரிசையில் தெரியும். ஆனால் அந்த மரபணு இந்த நொடியில் ஓடுகிறதா என்பது தெரியாது. ஜைரேஸின் வேலை உயிரணுவில் ஏடிபிக்கும் ஏடிபி செலவானபின் எஞ்சும் ஏடிபிக்கும் உள்ள — எழுத்துப்பெயர்ப்பில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால் விரித்தே சொல்கிறேன் — மூன்று பாஸ்பேட் வடிவத்துக்கும் இரண்டு பாஸ்பேட் வடிவத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. உணவு தீர்ந்தாலும், உப்பு மிகுந்தாலும், பிராணவாயு குறைந்தாலும் முறுக்கு மாறுகிறது. எழுத்து அப்படியே இருக்க, வாசிப்பு மாறுகிறது. வரிசையை மட்டும் உள்ளீடாகக் கொள்ளும் மாதிரி, எல்லாச் சூழல்களின் சராசரியைத்தான் சொல்ல முடியும்.

இயற்கையே முறுக்கைத் திருத்திக்கொள்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் பன்னிரண்டு ஈ.கோலைக் கூட்டங்களைக் கொண்டு தொடங்கிய நீண்டகாலப் பரிணாமச் சோதனையில், பெரும்பாலான கூட்டங்களில் டிஎன்ஏவின் மீச்சுருளல் அளவு மாறியிருந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றுள் ஒரு கூட்டத்தில் இம்மாற்றத்துக்குக் காரணமான பிறழ்வுகளை மூதாதைப் பாக்டீரியாவுக்கு மாற்றியபோது அதன் வளர்ச்சித் திறன் கூடியது. ஒவ்வொரு மரபணுவாகத் திருத்துவதற்குப் பதிலாக, பல மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒருசேர மாற்றும் வழியாக முறுக்கு அமைகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணுவோருக்கு மருத்துவமனையைச் சுட்டிக்காட்டுகிறேன். 1962-இல் அறியப்பட்ட நாலிடிக்சிக் அமிலம் முதல் இன்றைய சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வரை, குயினோலோன் மருந்துகள் அனைத்தும் தாக்குவது ஜைரேஸையும் அதன் உறவு நொதியையுமே. வெட்டிய இழையை மீண்டும் ஒட்டவிடாமல் தடுத்து, பாக்டீரியாவை அதன் சொந்தக் கத்தரிக்கோலாலேயே கொல்கின்றன. காசநோய்க் கிருமிக்கு அந்த உறவு நொதி இல்லை. இவ்வகையில் அதற்கு ஜைரேஸ் ஒன்றே கதி. உலகில் காசநோய்க்கு ஆளாவோரில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். பல மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற காசநோய்க்காக 2024-இல் இந்திய அரசு ஏற்ற நான்கு மருந்துக் கூட்டில் மாக்சிஃப்ளாக்சசினும் ஒன்று. ஜைரேஸ் ஏ புரதத்தின் 90ஆம், 94ஆம் இடங்களில் ஏற்படும் மாற்றங்கள் இம்மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தருகின்றன. அந்த மாற்றத்தை ‘எழுத்து’ மாறியது என்று நாம் பதிவு செய்கிறோம். ஆனால் மாறுவது, ஒரு முழு மரபணுத்தொகுதியின் முறுக்கைக் காக்கும் நொதி. அம்மாற்றம் பிற மரபணுக்களின் வெளிப்பாட்டை எங்ஙனம் பாதிக்கிறது என்று கேட்பதற்கு முறுக்கு நம் சிந்தனையில் இருக்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வளகுஞ்ச நாகராஜாவின் குழு மைக்கோபாக்டீரியாவின் ஜைரேஸையும் டோபோஐசோமரேஸையும் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருவது இந்தப் பின்னணியில்தான். அத்தகைய ஆய்வுகள் நம் மாணவர்களிடம் சென்றுசேராமல் இருப்பது இழப்பு.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆசிரியர்களுக்கு. டிஎன்ஏ பாடத்தைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் நான்கு எழுத்துகளை எழுதுவதோடு, வகுப்புக்கு ஒரு முழக் கயிற்றையும் ஒரு பென்சிலையும் கொண்டு செல்லுங்கள். செலவு பத்து ரூபாய்க்கும் குறைவு. இழைகள் ஏன் சிக்குகின்றன, அதை யார் அவிழ்க்கிறார்கள் என்ற கேள்வி பள்ளி மாணவருக்கும் புரியும்.

இரண்டாவது, என்னைப் போல் வரிசைகளைக் கணிப்போருக்கு. ஒரு வெளிப்பாட்டுத் தரவைப் பயன்படுத்தும்போது, அந்த உயிரணு எந்த வளர்ச்சி நிலையில், எந்தச் சூழலில், பிளாஸ்மிட்டிலா குரோமோசோமிலா, அண்டை மரபணு எத்திசையில் என்பவற்றைப் பதிவு செய்யுங்கள். இவற்றை ‘இரைச்சல்’ என்று ஒதுக்குவது, விடையைத் தூக்கி எறிந்துவிட்டு வினாவை ஆராய்வதாகும்.

மூன்றாவது, மொழியியல் நண்பர்களுக்கு. பிற துறையினர் நம் சொற்களைக் கடன் வாங்கும்போது பூரித்துப் போகாமல், மொழி என்பது எழுத்துகளின் வரிசை அன்று என்று நாம் முதல் ஆண்டிலேயே படிக்கும் பாடத்தை அவர்களுக்கும் சொல்வோம். அழுத்தமும் இசைப்பும் சூழலும் இல்லாத வாக்கியத்துக்குப் பொருள் பாதிதான். நமக்குத் தெரிந்த இந்த உண்மையை, கடன் கொடுக்கும் உவமையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

என் முதல் இயலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளர் ஆறு மாதக் கால நீட்டிப்புக்குப் பரிந்துரைத்திருக்கிறார். அந்த ஆறு மாதங்களில் உதவித்தொகை வருமா என்பது உறுதியில்லை. வீட்டில் இதை விளக்குவது எளிதாக இல்லை. இருந்தும், பிழையான தொடக்கத்தின்மேல் சரியான முடிவுகளை அடுக்க மனம் வரவில்லை. ‘நூல்’ என்ற சொல்லை நீக்கப்போவதில்லை. அதன் இரு பொருளையும் சேர்த்தே எழுதப்போகிறேன்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள், குறிப்பாக ஆய்வகத்தில் கைகளால் டிஎன்ஏவோடு பழகுபவர்கள், பிழை கண்டால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். அந்தத் துணிக்கொடி இன்னும் மொட்டைமாடியில்தான் இருக்கிறது. ஐயம் உள்ள எவரும் பென்சிலோடு வரலாம்.